குளிர்ந்த தண்ணீரில் இறங்குவது எப்படி: சேலம், ஏற்காட்டுக்காரர்களுக்கு

பனிக்கட்டி மிதக்கிற ஏரியில் கழுத்தளவு நின்று சிரிக்கிற வெளிநாட்டுக்காரர்களின் வீடியோ நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றி வருகிறது. உடனே யாராவது ஒருவர், "சேலத்துல குழாயைத் திறந்தாலே வெந்நீர் வருது, குளிர்ந்த தண்ணிக்கு எங்கங்க போறது" என்று கேட்பார். சித்திரையில் கேட்டால் நியாயம்தான். மற்ற மாதங்களில் அதற்குப் பதில் வடக்கே நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற சேர்வராயன் மலையிலேயே இருக்கிறது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் அடிவாரத்துக்கும் மலைக்கும் எட்டு டிகிரி வித்தியாசம். கார்த்திகை முதல் தை முடிய, விடியற்காலையில் காப்பித் தோட்டத்துச் சிமெண்டுத் தொட்டியில் நிற்கிற தண்ணீர் பெரும்பாலும் இருபது டிகிரிக்குக் கீழேதான் இருக்கும். அது போதும். தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே போனாலே உடம்பு திடுக்கிட ஆரம்பிக்கும், 10 முதல் 15 டிகிரிக்குள் அந்தத் திடுக்கிடல் உச்சத்துக்குப் போய்விடும். ஐஸ் கட்டி வாங்கி டிரம்மில் கொட்டுகிற வேலையெல்லாம் நமக்கு வேண்டாம்.

இதனால் என்ன நன்மை என்று கேட்பவர்களிடம் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் அளக்கிற கதை ஜாஸ்தி. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு ஆய்வில், இளைஞர்களை 14 டிகிரி தண்ணீரில் கழுத்தளவு ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் நார்அட்ரினலின் 530 சதவீதமும் டோபமைன் 250 சதவீதமும் கூடியிருந்தன. விழிப்பு, உற்சாகம், கவனம் எல்லாவற்றிலும் பங்குள்ள ரசாயனங்கள் இவை. இந்த எண்களைத்தான் எல்லா வீடியோவிலும் போடுகிறார்கள், ஒரு மணி நேரம் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். நம் மலைத் தண்ணீர் அவ்வளவு குளிராது, நாம் அவ்வளவு நேரம் உட்காரவும் போவதில்லை.

எனக்கு அதைவிட உபயோகமாகப் படுவது 2016இல் நெதர்லாந்தில் மூவாயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு. வழக்கமான வெந்நீர்க் குளியலின் கடைசியில் 30, 60 அல்லது 90 விநாடி குளிர்ந்த நீர், அவ்வளவுதான். அப்படிக் குளித்தவர்கள் உடம்பு சரியில்லை என்று வேலைக்குப் போடும் லீவு 29 சதவீதம் குறைந்தது. உடம்பு சரியில்லாமல் போன நாட்கள் குறையவில்லை, ஆனால் அந்த நாட்களிலும் எழுந்து வேலைக்குப் போகும் தெம்பு இருந்திருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, 30 விநாடிக்கும் 90 விநாடிக்கும் பலனில் வித்தியாசமே இல்லை என்பது. 2025இல் பதினோரு ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்த்தவர்கள், மன அழுத்தம் குறைவது இறங்கிய உடனே தெரியவில்லை, பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரிகிறது என்றார்கள். காலையில் குளித்தவருக்கு மாலையில் ஆபீஸ் முடிந்து வரும்போது எரிச்சல் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள், அங்கேதான் பலன் இருக்கிறது. சளியே பிடிக்காது, சர்க்கரை இறங்கிவிடும், ஆயுள் கூடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. 2018இல் இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒன்றில், பல வருடம் மாத்திரை சாப்பிட்ட 24 வயதுப் பெண் ஒருவர் வாராவாரம் குளிர்ந்த நீரில் நீந்தி, மாத்திரையைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விட்டதாக ஒரு கட்டுரை வந்தது. அது ஒரே ஒருவரின் கதை, அதுவும் மருத்துவர்களின் மேற்பார்வையில் நடந்தது. நீச்சலை மாத்திரையோடு சேர்த்துக்கொள்ளுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மனாஸ் 14416 எந்த நேரமும் இருக்கிறது.

சரி, செய்முறைக்கு வருவோம். நீச்சல் தெரியாதவர் குளிர்ந்த நீரில் நீச்சல் கற்றுக்கொள்ளக் கூடாது. வெயில் காலத்தில், தெரிந்த கிணற்றிலோ நீச்சல் குளத்திலோ, சுரைப்புருடையையோ காலி எண்ணெய்க் கேனையோ இடுப்பில் கட்டிக்கொண்டு ஊர் வழக்கப்படி முதலில் பழகுங்கள். மல்லாக்கப் படுத்து இரண்டு நிமிடம் அசையாமல் மிதக்க வந்தால் தான் அடுத்த கட்டம். எத்தனை சுற்று நீந்துவீர்கள் என்பது இங்கே கணக்கே இல்லை.

கிணறு என்றதும் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். கிணற்றுத் தண்ணீர் நம்மை ஏமாற்றும். ஊற்றுத் தண்ணீரின் சூடு வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவில், ஊரின் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். அதனால்தான் கன்னங்குறிச்சிப் பக்கத்துக் கிணறு சித்திரையில் ஜில்லென்றும் மார்கழியில் வெதுவெதுப்பாகவும் தெரிகிறது. மாறுவது வெளியே இருக்கிற காற்றுதான். வெயில் காலத்தில் ஆழக் கிணற்றில் உள்நீச்சல் அடித்தால், இடுப்புக்கு மேலே மிதமாகவும் கணுக்காலுக்குக் கீழே சட்டென்று வேறு தண்ணீர் போலவும் இருக்கும், அந்த அடுக்கு கொஞ்சம் குளிர்ச்சிதான். ஆனாலும் பழகுவதற்குக் கிணற்றை நம்ப முடியாது. மார்கழியில் சேலத்திலேயே குளிர்ந்த தண்ணீர் எங்கே கிடைக்கும் என்றால், மொட்டை மாடியில். ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற சின்டெக்ஸ் தொட்டியின் தண்ணீர், விடியற்காலை ஐந்து மணிக்குக் கிணற்றைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும். நம்முடைய பயிற்சிக்கூடம் அதுதான்.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்ட ஐயப்ப சாமிகளைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் இரண்டு மூன்று நாள் முதல் சொம்பு விழுந்ததும் "சாமியே" என்று போடுகிற சத்தம் பக்கத்து வீடு வரை கேட்கும். பத்து நாள் போனால் சத்தமே இல்லாமல் குளித்துவிட்டு வருவார்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், உடம்பு செய்கிற வேலை இது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் குழுவினர் பல வருடமாக இதை ஆராய்கிறார்கள். மூன்று மூன்று நிமிடமாக ஐந்தாறு தடவை குளிர்ந்த நீரில் இறங்கினாலே அந்தத் திடுக்கிடல் பாதியாகக் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. பழகிய உடம்பு பல மாதம் வரை அதை ஓரளவு ஞாபகமும் வைத்திருக்கும். ஆகவே ஏற்காட்டுக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள், வீட்டிலேயே விடியற்காலைச் சொம்புக் குளியல். முதலில் கால், அப்புறம் கை, தோள், முதுகு. தலை கடைசியில்.

முதல் நிமிடம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நீரில் சாகிறவர்களில் பலர் விறைத்துச் சாவதில்லை. தோலில் சட்டென்று குளிர் பட்டதும் நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சு உள்ளே போகும், அடுத்து நாய் இளைப்பது போல வேகமாக மூச்சு வாங்கும், இதயம் படபடவென்று அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். அந்த முதல் பெருமூச்சின்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். எப்படிப்பட்ட நீச்சல்காரனாக இருந்தாலும் சரிதான். இந்தப் படபடப்பு முதல் அரை நிமிடத்தில் உச்சத்தில் இருக்கும், ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

அதனால் குதிக்கக் கூடாது. கிணற்று மேட்டிலிருந்து பல்டி அடித்துப் பழகியவர்களுக்கு இது கஷ்டம்தான், ஆனால் மலைத் தண்ணீரில் பல்டி வேண்டாம். படியில் இறங்கி, முழங்கால் அளவில் நின்று, கையால் அள்ளி முகத்திலும் பிடரியிலும் தெளித்துக்கொண்டு, இடுப்பு வரை இறங்கி, அங்கே கொஞ்சம் நில்லுங்கள். மூச்சை வாய் வழியாக "ஸ்ஸ்ஸ்" என்று நீளமாக விடுங்கள். இழுப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், விடுவதை நீட்டினால் இழுப்பது தானாகவே ஒழுங்குக்கு வரும். அப்புறம் தோள் வரை இறங்கி, பதினாறாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஓர் பதினாறு பதினாறு" சொல்வதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினால் இன்னும் அடங்கவில்லை என்று அர்த்தம். இரண்டு வரி ஒரே மூச்சில் வந்தால் அடங்கிவிட்டது, இனி நீந்தலாம். வாய்ப்பாடு மறந்துபோயிருந்தால் கந்த சஷ்டிக் கவசம் சொல்கிற ஆட்களும் உண்டு, அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

படபடப்பு அடங்குவதற்குள் முகத்தை முக்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முகம் தண்ணீருக்குள் போய் மூச்சை அடக்கினால் இதயத் துடிப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு உத்தரவு போகும். உடம்பெல்லாம் குளிர் பட்டதால் துடிப்பைக் கூட்டச் சொல்லி இன்னொரு உத்தரவு ஏற்கெனவே போயிருக்கும். ஒரே நேரத்தில் இரண்டும் போய்ச் சேர்ந்தால் இதயத் துடிப்பின் தாளம் தவறலாம், ஏற்கெனவே இதயத்தில் கோளாறு உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். அதேபோல வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டு அடக்கிப் பிடிக்கிற பயிற்சி இணையத்தில் பிரபலம். அதைத் தண்ணீரிலோ தண்ணீருக்குப் பக்கத்திலோ ஒருபோதும் செய்யாதீர்கள், மயங்குவது தெரியாமலே மயங்கி மூழ்கிவிடுவீர்கள்.

எங்கே இறங்குவது

ஏற்காடு பெரிய ஏரியில் படகு விடுவார்கள், நீந்த விடமாட்டார்கள், கேட்கவே வேண்டாம். கிளியூர் அருவிக்குக் கீழே இறங்குகிற பாறை வழுக்கும், மேலே மழை பெய்தால் கீழே நிற்பவருக்குத் தெரியாமலே தண்ணீர் ஏறும், ஆகவே அது பார்ப்பதற்கான இடம். மேட்டூர் காவிரிக்குப் போகலாமே என்பார்கள். அணையிலிருந்து எப்போது எவ்வளவு திறப்பார்கள் என்று தெரியாத ஆற்றில், சுழலும் இழுப்பும் இருக்கிற இடத்தில், குளிருக்குப் பழகுகிற வேலை வேண்டாம். வாய்க்காலின் சரிவான சிமெண்டுக் கரை இன்னும் மோசம், பாசியில் கை பிடிக்காது.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று, ஏற்காட்டில் தங்கும் விடுதிகளில் இருக்கிற சூடேற்றாத நீச்சல் குளம். அழகு குறைவு, ஆனால் ஆழம் எழுதியிருக்கும், கம்பி பிடித்து ஏறலாம். முதல் தடவைக்கு என் ஓட்டு இதற்குத்தான். இரண்டாவது, தெரிந்தவர் தோட்டத்துத் தொட்டி, அவரிடம் சொல்லிவிட்டு. இதில்தான் வேலை அதிகம். மூங்கில் கழியை விட்டு ஆழம் பாருங்கள், அடியில் கல்லோ கம்பியோ தட்டுகிறதா என்று நான்கு மூலையிலும் துழாவுங்கள். மோட்டார் இருந்தால் மெயினையே அணைத்துவிட வேண்டும், ஸ்டார்ட்டரை மட்டும் நம்பக் கூடாது. ஏறுவதற்குப் படி இருந்தாலும், பக்கத்து சில்வர் ஓக் மரத்தில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் இரண்டு மூன்று முடிச்சுப் போட்டுத் தண்ணீருக்குள் விட்டுவையுங்கள். விறைத்த விரலுக்கு வழவழப்பான கயிறு பிடிபடாது, முடிச்சு இருந்தால் பிடிபடும். மீன் தொட்டிக் கடையில் விற்கிற சின்ன வெப்பமானி ஒன்றை நூலில் கட்டி ஒரு முழம் ஆழத்தில் தொங்கவிட்டால் உண்மையான குளிர் தெரியும். வெயில் பட்ட மேல் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி கூட்டிக் காட்டும்.

தேங்கிய, வெதுவெதுப்பான, கலங்கிய தண்ணீரில் இறங்க வேண்டாம். காலில் புண்ணோ வெட்டோ இருந்தால் எலிக்காய்ச்சல் பயம், மூக்கில் ஏறினால், கேரளத்தில் செய்தியான, மூளையைத் தாக்குகிற அமீபா பயம். குளிர்ந்த நீரில் அமீபா அரிது, ஆனாலும் தொட்டியைக் கழுவி எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டுவிடுங்கள்.

தனியாகப் போகவே கூடாது. கரையில் நிற்கிற ஆள் செல்போனில் ரீல்ஸ் எடுக்கிறவராக இல்லாமல், கயிற்றையும் காலிக் கேனையும் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறவராக இருக்கட்டும். ஏதாவது ஆனால் அவர் குதிக்கக் கூடாது, கேனைத்தான் வீச வேண்டும், 108ஐக் கூப்பிட வேண்டும். மாமாவோ மச்சானோ முந்தின ராத்திரி "குளிருக்கு இதமா இருக்கும்" என்று எதையாவது ஊற்றிக் கொடுத்திருந்தால் அன்றைக்கு இறங்குவதே ரத்து. மது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உடம்புச் சூட்டை வெளியே விடும், சூடாக இருப்பது போலத் தோன்றுவது அதனால்தான்.

எவ்வளவு நேரம்? முதல் தடவை இரண்டு நிமிடம். பழகிய பிறகு ஐந்து, அதிகபட்சம் பத்து. டிகிரிக்கு ஒரு நிமிடம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், நான் அதை ஏற்பதில்லை. ஒல்லியானவரும் சதைப்பிடிப்புள்ளவரும் ஒரே வேகத்தில் குளிர்வதில்லை, குழந்தைகள் இன்னும் சீக்கிரம் குளிர்ந்துவிடுவார்கள். தண்ணீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு வேகமாகச் சூட்டை இழுத்துக்கொள்ளும். நடுநடுவே கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ, கரையில் இருப்பவர் கேட்டதற்கு லேட்டாகப் பதில் வந்தாலோ உடனே ஏறிவிடுங்கள். அதுவரை காத்திருக்கவும் கூடாது, "இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கலாம் போலிருக்கே" என்று தோன்றும்போதே ஏறுவதுதான் சரியான நேரம்.

ஏறிய பிறகுதான் நடுக்கம் ஆரம்பிக்கும், பயப்பட வேண்டாம். வெளியே வந்த பத்து, பதினைந்து நிமிடம் வரை உள்ளுடம்பு இன்னும் குளிர்ந்துகொண்டேதான் இருக்கும். எனவே நின்று போட்டோ எடுக்காமல், ஈரத் துணியை முதலில் கழற்றிவிட்டு, துவட்டி, மேல்சட்டையிலிருந்து ஆரம்பித்து உடுத்துங்கள். பொத்தான், ஜிப், முடிச்சு இருக்கிற துணியெல்லாம் அந்த நேரத்தில் எதிரி, தலைவழியாகப் போட்டுக்கொள்கிற ஸ்வெட்டரும் எலாஸ்டிக் வைத்த பேண்டும் போதும். தலைக்குக் குரங்குக் குல்லா. அதைப் போட்டுக்கொள்ள வெட்கப்படுபவர்களை ஏற்காட்டில் யாரும் மதிப்பதில்லை. உடனே கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிக்க வேண்டாம், விரிந்த ரத்தக் குழாயில் அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றி விழுவார்கள். பிளாஸ்கில் சுக்குமல்லிக் காப்பி, கூட ஏதாவது கடித்துக்கொள்ள, கொஞ்சம் நடை.

பைக்கில் வந்தவர்களுக்குத்தான் முக்கியமான எச்சரிக்கை. நடுக்கம் முழுசாக நின்று, விரல்கள் பழையபடி மடங்குகிற வரை வண்டியை எடுக்காதீர்கள். சேலம் இறங்குகிற சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவு, காலைப் பனி, எதிர்க்காற்று, ஈரத் தலை, பிரேக்கைப் பிடிக்க மறுக்கிற விரல். குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். காரில் வந்திருந்தால் வேறு ஆள் ஓட்டட்டும். ஏறும்போதும் வேர்த்து விறுவிறுத்து வந்த கையோடு தண்ணீரில் இறங்க வேண்டாம்.

இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு, குளிர் பட்டால் தடிப்பு வருகிறவர்கள், குளிரில் விரல் வெளுத்துப் போகிறவர்கள், சர்க்கரையால் கால் மரத்தவர்கள், கர்ப்பிணிகள் இவர்களெல்லாம் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ஐம்பது தாண்டியவர்கள் ஒரு இசிஜி எடுத்துக்கொண்டு வருவது புத்திசாலித்தனம்.

வாரத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போக எல்லோருக்கும் முடியாது, தேவையும் இல்லை. மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு மேலே, மற்ற நாளில் மாடித் தொட்டித் தண்ணீரில் கடைசி அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் போதும், பழகியது விட்டுப்போகாது. பங்குனி பிறந்ததும் மாடித் தொட்டி கொதிக்க ஆரம்பித்துவிடும். அப்போது ராத்திரியே ஒரு அண்டாவில் தண்ணீர் பிடித்து, ஈரத் துணி சுற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் விடிவதற்குள் நாலைந்து டிகிரி இறங்கியிருக்கும். ஆடி, ஆவணி வரை அதை வைத்தே ஓட்டலாம்.